உதவி கேட்ட நாளிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அலுவலகம் மூடும் நேரத்தில், ஒரு தாய் போன் செய்தார். அவருடைய மகனுக்கு 26 வயது, போதைப் பழக்கத்தில் சிக்கியிருந்தான். அன்று மதியம்தான் முதல்முறையாக அவனே வாய் திறந்து, "என்னால் முடியவில்லை, எங்கேயாவது கூட்டிக்கொண்டு போ" என்று சொல்லியிருக்கிறான். எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று அவர் கேட்டார். எங்களிடம் இருந்த பட்டியலைப் பார்த்து மூன்று எண்களைக் கொடுத்தேன். முதல் எண்ணில் திங்கட்கிழமை வரை யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது இடத்தில் அவனுடைய மெடிக்கெய்டு காப்பீட்டை (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) ஏற்கவில்லை. மூன்றாவது இடத்தில் தேதி கொடுத்தார்கள், பதினொரு நாள் கழித்து. ஒன்பதாவது நாள் அந்தப் பையன் இறந்துபோனான்.

அப்போது எங்கள் கவுன்ட்டியிடம் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஓபியாய்டு திட்டம் என்று ஒன்று இருந்தது. அபின் வகை வலி மருந்துகளுக்கும் ஹெராயின் போன்ற போதைப்பொருட்களுக்கும் பொதுப் பெயர்தான் ஓபியாய்டு. எழுதியவர்களில் நானும் ஒருத்தி. நோக்கம், இலக்கு, யார் யார் பொறுப்பு, எல்லாம் அதில் இருந்தன. உதவி கேட்கிற நாளுக்கும் கிடைக்கிற நாளுக்கும் நடுவே எத்தனை நாள் ஓடுகிறது என்ற கணக்கு மட்டும் இல்லை. அந்த ஒரு கணக்கை நடுவில் வைத்து ஒரு ஊர் எப்படித் திட்டம் போடலாம் என்று எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். அங்கே எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம் ஒன்றில் களப்பணியாளராக இருந்தேன். பிறகு அமெரிக்கா வந்து, பொது சுகாதாரம் படித்து, தெற்கு ஒஹையோவில் ஆற்றங்கரையோரம் உள்ள ஒரு சின்ன கவுன்ட்டியின் சுகாதாரத் துறையில் வேலை பார்க்கிறேன். தமிழில் எழுதக் காரணம் உண்டு. இந்த நாட்டில் இருக்கும் நம்மவர்களில் டாக்டர்கள், மருந்தாளுநர்கள், டேட்டாவோடு மல்லுக்கட்டுகிறவர்கள் நிறையப் பேர். ஊர்க் கமிட்டியில் உட்காரச் சொல்லி உங்களைக் கூப்பிடுவார்கள். "இது நம்ம பிரச்சினை இல்லை" என்று நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள். ஃபெண்டனில் என்ற கடும் வீரியமுள்ள ஓபியாய்டு கலந்த போலி மாத்திரை யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுக்கொண்டு வருவதில்லை. நம் வீடுகளிலிருந்து எனக்கு வரும் போன்கள் ராத்திரியில்தான் வரும், தாழ்ந்த குரலில்.

முதலில் பின்னணி, சுருக்கமாக. 1996-இல் பர்டூ ஃபார்மா நிறுவனம் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடிமையாவது அரிது என்று சொல்லி டாக்டர்களிடம் விற்றார்கள். அந்த நிறுவனம் 2007-இலும் 2020-இலும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. எங்கள் பக்கத்தில் போர்ட்ஸ்மத் போன்ற ஊர்களில் காசு வாங்கிக்கொண்டு மாத்திரைச் சீட்டு எழுதிக் கொடுக்கும் கிளினிக்குகள் வரிசையாக முளைத்தன. 2011-இல் ஒஹையோ சட்டம் போட்டு அவற்றை மூடியது. மூடியது சரிதான். ஆனால் பழகிப்போன உடம்புகளுக்கு மாற்று ஏற்பாடு எதுவும் செய்து வைக்கவில்லை. அவர்கள் ஹெராயினுக்குப் போனார்கள். 2013 வாக்கில் ஹெராயினின் இடத்துக்கு, அதைவிட 50 மடங்கு வீரியமுள்ள ஃபெண்டனில் வரத் தொடங்கியது. 1999-இலிருந்து 2022 வரை இந்த நாட்டில் ஓபியாய்டு ஓவர்டோஸில், அதாவது உடம்பு தாங்காத அளவு எடுத்ததால், இறந்தவர்கள் 7 லட்சத்துக்கும் மேல். எல்லாப் போதைப்பொருட்களையும் சேர்த்து 2022-இல் மட்டும் சுமார் 1,08,000 பேர். 2024-இல் அது சுமார் 80,000 ஆகக் குறைந்தது. பெரிய இறக்கம்தான், மனதுக்கு ஆறுதல்தான். ஆனாலும் 80,000 என்பது ஒரு நகரம்.

திட்டம் போட உட்காரும்போது இந்தப் பின்னணியிலிருந்து ஒன்றை மறக்கக் கூடாது. ஒரு கதவை மூடும்போது இன்னொரு கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும். மூடுவதை மட்டுமே செய்தபோதெல்லாம் சாவு கூடியிருக்கிறது.

இறந்தவர்களிடமிருந்து தொடங்குங்கள்

எல்லாரும் முதலில் எண்களைத் தேடுவார்கள். தேசிய அளவில் சி.டி.சி. என்ற மத்திய நோய்த் தடுப்பு மையத்தின் வொண்டர் என்ற தரவுத்தளம் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் சின்ன கவுன்ட்டிக்காரர்கள் அதில் போய் ஏமாந்து நிற்பார்கள். ஏனென்றால் இறப்பு 10-க்குக் குறைவாக இருந்தால், யார் என்று கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக எண்ணை மறைத்துவிடும். மேலும் ரத்தப் பரிசோதனை முடிவு வந்து, சான்றிதழ் முடிவாகி, எண் அங்கே ஏறுவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அதனால் திடீர் மரணங்களின் காரணத்தை விசாரிக்கும் கரோனரிடம் நேரே போங்கள். ஒஹையோவில் கரோனர் என்பவர் தேர்தலில் ஜெயித்து வரும் ஒரு டாக்டர். மாதத்துக்கு ஒரு முறை, ஒரு காபி குடிக்கும் நேரம் கொடுத்தால் போதும் என்று கேளுங்கள். எங்கள் கரோனர் கொடுத்தார்.

ஆம்புலன்ஸ்காரர்களிடம், ஓவர்டோஸ் ஆனவரை எழுப்பும் நலாக்சோன் என்ற மருந்தை எத்தனை முறை, எந்தத் தெருவில், எந்த மணிக்குக் கொடுத்தார்கள் என்ற பதிவு இருக்கும். இறப்பு எண் போன வருடத்தைச் சொல்லும். ஆம்புலன்ஸ் எண் போன வாரத்தைச் சொல்லும். இந்தப் பதிவுகளை ஒரே வரைபடத்தில் அப்போதைக்கப்போது காட்டும் ஓடிமேப் என்ற ஏற்பாட்டை 2017-இலிருந்து பல ஊர்கள் பயன்படுத்துகின்றன.

ஆனால் எண்ணைவிட முக்கியமானது ஒவ்வொரு இறப்பையும் தனித்தனியாக உட்கார்ந்து பார்ப்பது. இதற்கு ஓவர்டோஸ் இறப்பு ஆய்வுக் குழு என்று பெயர். ஷெரிஃப் (கவுன்ட்டி போலீஸ் தலைவர்) அலுவலகம், ஆஸ்பத்திரி, சிறை, குழந்தைகள் நலத் துறை, சிகிச்சை மையங்கள் எல்லாரும் ஒரு மூடிய அறையில் கூடி, இறந்தவரின் கடைசி ஒரு வருடத்தைப் பின்னோக்கிப் படிப்பார்கள். யார் மேல் தவறு என்று பார்ப்பதற்காக அந்தக் கூட்டம் கூட்டப்படுவதில்லை. இதை முதல் கூட்டத்திலேயே உரக்கச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் யாரும் உண்மை பேச மாட்டார்கள். அதேபோல் கூட்டத்துக்கு முன்பே கவுன்ட்டி வழக்கறிஞரைக் கொண்டு ரகசியக் காப்பு ஒப்பந்தம் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். போதைச் சிகிச்சைப் பதிவுகளுக்குச் சாதாரண மருத்துவப் பதிவுகளைவிடக் கடுமையான கூட்டாட்சிப் பாதுகாப்பு உண்டு. 42 சி.எஃப்.ஆர். பகுதி 2 என்று அதைச் சொல்வார்கள். அதைப் படிக்காமல் ஒரு தாளையும் மேசைக்குக் கொண்டுவராதீர்கள்.

அந்த அறையில் நான் கற்றது என் வேலையையே மாற்றியது. நாங்கள் பார்த்த ஒவ்வொருவரும் சாவதற்கு முன் எங்கள் கதவுகளில் ஏதோ ஒன்றைத் தட்டியிருந்தார்கள். ஒருவர் சீழ்க்கட்டிக்கு இ.ஆர். (ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு) போயிருந்தார். ஒருவர் இரண்டு மாதம் கவுன்ட்டி ஜெயிலில் இருந்து வெளியே வந்திருந்தார். ஒரு பெண் பிரசவத்துக்குப் பிறகான பரிசோதனைக்கு வந்திருந்தாள். தட்டினார்கள், கதவும் திறந்தது, கையில் ஒரு துண்டுத்தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

அதனால் ஒரு பெரிய வெள்ளைத்தாளில் எங்கள் ஊரில் இருக்கும் கதவுகளை எல்லாம் வரைந்தோம். ஒவ்வொரு கதவுக்கும் அடுத்த கதவுக்கும் நடுவே ஒரு கோடு. கோட்டின் மேல் எத்தனை நாள் என்று எழுதினோம். உங்கள் திட்டத்தின் முதல் பக்கம் இந்தத் தாளாக இருக்கட்டும். மற்றப் பக்கங்கள் எல்லாம் இதிலிருந்து வரும்.

நாட்களை எண்ணுவது எப்படி

போனை எடுத்துக் கூப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி. எங்கள் குழுவில் இருந்த ஒரு பெண், தானே ஹெராயினிலிருந்து மீண்டவர், ஒரு பட்டியலோடு உட்கார்ந்து கவுன்ட்டிக்குள்ளும் பக்கத்துக் கவுன்ட்டியிலும் இருந்த எல்லா இடங்களுக்கும் போன் செய்தார். மெடிக்கெய்டு எடுப்பீர்களா, புப்ரெநார்ஃபின் (ஓபியாய்டு பழக்கத்துக்கான சிகிச்சை மருந்து) கொடுப்பீர்களா, முதல் தேதி என்றைக்கு? யார் பேசுகிறோம், எதற்காகக் கேட்கிறோம் என்று கடைசியில் சொல்லிவிடுவார். உண்மையாகத் தேவைப்படும் ஒருவரின் இடத்தை நாம் பிடித்துவிடக் கூடாது என்பதால் தேதி எதையும் பதிவு செய்யவில்லை. காலை ஒரு முறை, வெள்ளிக்கிழமை மாலை ஒரு முறை என்று இரண்டு சுற்று செய்யுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன்.

அடுத்தது மருந்துக்கடைகள். சீட்டு எழுதிக் கொடுத்தாலும் கடையில் புப்ரெநார்ஃபின் இல்லை என்றால் என்ன பயன்? எந்தக் கடையில் எப்போதும் இருப்பு இருக்கிறது என்று கேட்டு எழுதி வையுங்கள். இருப்பு வைக்காத கடைக்காரரைத் திட்டாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். எங்கள் ஊரில் ஒருவர், அதிகம் ஆர்டர் செய்தால் மொத்த விற்பனையாளர் சந்தேகப்பட்டு நிறுத்திவிடுவாரோ என்று பயந்திருந்தார். சுகாதாரத் துறையிலிருந்து, இந்த ஊரில் இந்த மருந்துக்கு ஏன் தேவை அதிகம் என்று விளக்கி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம்.

இந்த மருந்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. புப்ரெநார்ஃபினோ, மெத்தடோன் என்ற இன்னொரு சிகிச்சை மருந்தோ எடுத்துக்கொள்பவர்களிடம் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை" என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள், கட்டாயம் சொல்வார்கள். சர்க்கரை நோய்க்காரர் இன்சுலின் போடுவதோடு ஒப்பிட்டு நான் பேசிப் பார்த்தேன், எடுபடவில்லை. எடுபட்டது வேறு. மூன்று வருடமாகப் புப்ரெநார்ஃபினில் இருக்கும் ஒரு தச்சர் எழுந்து, "காலையில் மாத்திரையைப் போடுகிறேன், ஏழு மணிக்கு வேலைக்குப் போகிறேன், சாயங்காலம் என் பெண்ணுக்குச் சமைக்கிறேன்" என்றார். அப்புறம் அந்தப் பேச்சு எங்கள் அறையில் வரவில்லை.

இதைப் படிக்கும் டாக்டர்களுக்கு: 2023 ஜனவரியிலிருந்து புப்ரெநார்ஃபின் எழுத முன்பு தேவைப்பட்ட தனி அனுமதி தேவையில்லை. உங்களுக்கு வழக்கமாக இருக்கும் டி.இ.ஏ. பதிவு, இந்த வகை மருந்துகளுக்கு அனுமதி தருவதாக இருந்தால், அதுவே போதும். உங்கள் கிளினிக்கில் மாதத்துக்கு ஐந்து பேருக்கு எழுதினாலே ஒரு சின்ன ஊரில் காத்திருப்பு நாட்கள் குறையும். கமிட்டியில் உட்கார்ந்து ஆலோசனை சொல்வதைவிட இது பெரிய உதவி.

மூன்று இடைவெளிகள்

எல்லா ஊரிலும் பெரிய பள்ளங்கள் மூன்று இடங்களில்தான் இருக்கும். அவற்றை முதலில் அடைத்துவிடுங்கள், மற்றவை பிறகு.

ஒன்று, இ.ஆர். ஓவர்டோஸிலிருந்து பிழைத்தவரை நலாக்சோன் கொடுத்து எழுப்பி, சில மணி நேரம் பார்த்து, வெளியே அனுப்புவார்கள். அவர் உடம்பு அப்போது மருந்து கேட்டுத் துடித்துக்கொண்டிருக்கும். 2015-இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று இதை நேரடியாகச் சோதித்தது. இ.ஆரிலேயே புப்ரெநார்ஃபினைத் தொடங்கியவர்களில் 78 சதவீதம் பேர் 30 நாள் கழித்தும் சிகிச்சையில் இருந்தார்கள். முகவரி மட்டும் கொடுத்து அனுப்பியவர்களில் 37 சதவீதம். இந்த இரண்டு எண்களை ஒரு தாளில் எழுதி உங்கள் ஆஸ்பத்திரியின் இ.ஆர். தலைவரிடம் காட்டுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி, "தொடங்கிவிட்டு யாரிடம் அனுப்புவது?" என்பதாகத்தான் இருக்கும். அதற்கு விடையோடு போங்கள்: அடுத்த வேலை நாளில் பார்க்க ஒப்புக்கொண்ட ஒரு கிளினிக், அதன் பெயர், நேரம். விடை இல்லாமல் போனால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

இரண்டு, ஜெயில். இதைப் பற்றி நான் நீளமாகச் சொல்வேன், ஏனென்றால் இங்கேதான் அதிகம் பேர் சாகிறார்கள், இங்கேதான் அதிகம் தயங்குகிறோம். உள்ளே இருக்கும் வாரங்களில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடுகிறது. வெளியே வந்த அன்று பழைய அளவை எடுத்தால் சாவு. வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த, 2007-இல் வெளியான ஆய்வில், சிறையிலிருந்து வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் ஓவர்டோஸில் சாகும் அபாயம் மற்றவர்களைவிட 129 மடங்கு என்று தெரிந்தது. ரோட் ஐலண்ட் மாநிலம் 2016-இல் சிறைக்குள்ளேயே மெத்தடோன், புப்ரெநார்ஃபின், நல்ட்ரெக்ஸோன் என்ற மூன்று சிகிச்சை மருந்துகளையும் கொடுக்கத் தொடங்கி, வெளியே வந்தபின் அதே சிகிச்சை தொடரவும் ஏற்பாடு செய்தது. அந்த வருடம் முதல் ஆறு மாதத்தில் ஓவர்டோஸில் இறந்தவர்களில் 26 பேர் அண்மையில் சிறையிலிருந்து வந்தவர்கள். அடுத்த வருடம் அதே ஆறு மாதத்தில் 9 பேர்.

எங்கள் ஷெரிஃபிடம் போனபோது இந்த எண்களை முதலில் சொல்லவில்லை. ஜெயிலுக்குள் மருந்து நிறுத்தப்பட்டவர்கள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கிடப்பதை யார் கழுவுகிறார்கள் என்று கேட்டேன். அவருடைய காவலர்கள்தான். சிகிச்சை கொடுத்தால் அந்தத் தொல்லை குறையும் என்பதில் பேச்சு தொடங்கியது. யாரிடம் போனாலும் அவருடைய பாரம் எங்கே இருக்கிறது என்று பார்த்து அங்கிருந்து தொடங்குங்கள். இன்னொன்றையும் ஜெயிலோடு பேசி முடித்துவிடுங்கள். உள்ளே போனதும் மெடிக்கெய்டு நின்றுவிடும். வெளியே வரும் நாளில் அது திரும்ப உயிர்பெற வேண்டுமென்றால் காகித வேலையை முன்கூட்டியே யாராவது செய்ய வேண்டும். அந்த "யாராவது" யார் என்று திட்டத்தில் பதவிப் பெயரோடு எழுதுங்கள். வெளியே வருகிறவர் கையில் அவருடைய பையோடு நலாக்சோனும் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு விடுதலை செய்வதைத் தவிர்க்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

மூன்று, வீடு. ஓவர்டோஸ் ஆன பிறகு ஒன்றிரண்டு நாளுக்குள் யாராவது அந்த வீட்டுக்குப் போக வேண்டும். சின்சினாட்டி பக்கத்தில் உள்ள கோலரெய்ன் டவுன்ஷிப் 2015-இல் இதைத் தொடங்கியது. ஒரு போலீஸ்காரர், ஒரு பாராமெடிக், ஒரு ஆலோசகர் மூன்று பேரும் சேர்ந்து போய்க் கதவைத் தட்டுவார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், மேற்கு வர்ஜீனியாவின் ஹன்டிங்டன் நகரத்தில் 2016 ஆகஸ்ட் 15 அன்று ஒரே மாலைப்பொழுதில் சில மணி நேரத்துக்குள் 26 பேர் ஓவர்டோஸில் விழுந்தார்கள். அந்த நகரமும் அடுத்த வருடம் இதே மாதிரி குழு அமைத்தது. எங்கள் குழுவில் போலீஸ்காரர் யூனிபார்ம் இல்லாமல் வருவார், யாரையும் கைது செய்ய வரவில்லை என்று வாசலிலேயே சொல்வார். சில வீடுகளில் அவர் காரிலேயே இருந்துவிடுவார். பேசுவது பெரும்பாலும் அந்த மீண்டு வந்த பெண்தான். முதல் தடவை கதவு திறக்காது. அட்டையில் கையால் நாலு வரி எழுதி வைத்துவிட்டு வருவோம். நாலாவது தடவை திறந்த வீடுகள் உண்டு.

யாரை உட்கார வைப்பது

திண்டுக்கல்லில் எச்.ஐ.வி. வேலை செய்தபோது பாலியல் தொழில் செய்த பெண்களையே சக பயிற்றுநர்களாக வைத்திருந்தோம். அவர்கள் சொன்னால் கேட்டார்கள், நான் சொன்னால் தலையாட்டினார்கள். இங்கேயும் அதேதான். போதையோடு வாழ்ந்தவர்கள், இப்போதும் பயன்படுத்துகிறவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் மேசையில் இருக்க வேண்டும். ஒருவராக உட்கார வைக்காதீர்கள், குறைந்தது இரண்டு மூன்று பேர் வேண்டும். ஒற்றை ஆளாக அவ்வளவு கோட்டுப் போட்டவர்களுக்கு நடுவே யாராலும் பேச முடியாது. அவர்களுடைய நேரத்துக்குப் பணம் கொடுங்கள். மற்றவர்கள் எல்லாரும் சம்பளத்தில்தானே அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்? கூட்டத்தைச் சாயங்காலம் வையுங்கள், சாப்பாடு போடுங்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வையுங்கள்.

வார்த்தைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பரிசோதனையில் ஒருவர் "சுத்தம்" என்றால் மற்றவர் அழுக்கு என்றாகிறது. தமிழிலும் நாம் "போதை ஆசாமி" என்று செய்தித்தாள் பாணியில் பேசுகிறோம். எங்கள் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம்.

கவுன்ட்டியை நிர்வகிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட கமிஷனர்களில் ஒருவராவது முதல் நாளிலிருந்தே உள்ளே இருக்க வேண்டும். இண்டியானாவின் ஸ்காட் கவுன்ட்டியில் நடந்ததை மறக்க முடியாது. ஆஸ்டின் என்ற, 4,200 பேர் வாழ்ந்த சின்ன ஊரில் 2015-இல் ஊசி பகிர்ந்துகொண்டதால் எச்.ஐ.வி. பரவி, பின்னர் 200 பேருக்கும் மேல் தொற்றிக்கொண்டது. பரவல் தொடங்கிய பிறகுதான் அவசர நிலை அறிவித்து, சுத்தமான ஊசி கொடுக்கும் மையத்தைத் திறந்தார்கள். தொற்று அடங்கியது. 2021-இல் கமிஷனர்கள் அந்த மையத்தை முடித்துவிட வாக்களித்தார்கள். வேலை செய்த ஒரு ஏற்பாடுகூட, அதற்காக வாக்குக் கேட்டுப் பேச ஆள் இல்லாவிட்டால் நிற்காது. எங்கள் கமிஷனர்களை வருடத்துக்கு இரண்டு முறை களத்துக்குக் கூட்டிப்போகிறோம்.

நலாக்சோன்

இதை நிபுணர் விஷயமாக வைத்துக்கொள்ளாதீர்கள். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயை 2023-இலிருந்து சீட்டு இல்லாமலே கடையில் வாங்கலாம். ஒஹையோவில் ப்ராஜெக்ட் டான் என்ற நலாக்சோன் விநியோகத் திட்டத்தின் மூலம் இலவசமாகவே கிடைக்கிறது. 2012-இல் போர்ட்ஸ்மத்தில்தான் அது தொடங்கியது, மாத்திரைக் கிளினிக்குகளால் அதிகம் அடிபட்ட அதே ஊரில். எங்கே வைப்பது என்பதை ஆம்புலன்ஸ் வரைபடம் சொல்லும்: பெட்ரோல் பங்க் கழிவறை, மோட்டல் வரவேற்பறை, நூலகம், சலவைக்கடை. இரவு பூட்டப்படும் கட்டடத்துக்குள் வைத்தால் பாதி பயன் போய்விடும்.

பயிற்சி பத்து நிமிடம் போதும். ஆள் எழவில்லை, மூச்சு மெதுவாக அல்லது குறட்டை போல, உதடு நீலம்: 911 கூப்பிடுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து ஒரு மூக்குத் துவாரத்தில் ஸ்ப்ரேயை முழுவதும் அழுத்துங்கள். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஐந்து நொடிக்கு ஒரு மூச்சு கொடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் எழவில்லை என்றால் இரண்டாவது ஸ்ப்ரே. மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கூடவே இருங்கள். மருந்தின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் தீர்ந்துவிடும், மறுபடி மூச்சு நிற்கலாம். கால்நடைகளுக்குக் கொடுக்கும் சைலசின் என்ற மயக்க மருந்து இப்போது தெரு ஃபெண்டனிலில் கலந்து வருகிறது. நலாக்சோன் அதை எடுக்காது, ஆனாலும் கூடவே ஃபெண்டனில் இருக்கும் என்பதால் நலாக்சோன் கொடுக்கத்தான் வேண்டும். கண் திறக்காவிட்டாலும் மூச்சு ஓடினால் போதும்.

பணம்

2021-இல் ஜான்சன் அண்ட் ஜான்சனும் மூன்று பெரிய மருந்து விநியோக நிறுவனங்களும் தங்கள் மேல் இருந்த ஓபியாய்டு வழக்குகளை முடிக்க 26 பில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டன. விநியோகஸ்தர்களின் பங்கு 18 வருடம் வரை தவணையாக வரும். ஒஹையோவில் இந்தப் பணத்தில் 55 சதவீதம் இந்தப் பணத்தை நிர்வகிக்க அமைத்த ஒன்ஒஹையோ அறக்கட்டளைக்கும், 30 சதவீதம் உள்ளூர் அரசுகளுக்கும், 15 சதவீதம் மாநிலத்துக்கும் போகிறது. உங்கள் கவுன்ட்டிக்கு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று கமிஷனர்கள் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம், கேளுங்கள். நான் மூன்று கூட்டத்தில் கேட்டேன்.

தவணைப் பணம் என்பதால் கட்டடம் கட்ட ஆசை வரும். எங்கள் ஊரில் வந்தது. நான் எதிர்த்தேன். ஆளுக்குச் சம்பளம், வண்டிக்குப் பெட்ரோல், ஜெயிலுக்குள் மருந்து, மீண்டவர்களுக்கு வாடகை: நாட்களைக் குறைப்பது இவைதான். ஊர்ப்புறத்தில் பஸ் கிடையாது. மெத்தடோன் மையம் 50 மைல் தள்ளி இருந்தால், கார் இல்லாதவருக்கு அது நிலவில் இருக்கிறது.

வேலை செய்கிறதா என்று பார்ப்பது

ஒரு பாடம் சொல்கிறேன். ஒஹையோ, கென்டக்கி, மாசசூசெட்ஸ், நியூயார்க் மாநிலங்களில் 67 சமூகங்களைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஊர்க்காரர்களே தரவைப் பார்த்துத் திட்டம் போட்டார்கள். 2024-இல் முடிவு வந்தபோது, சாவு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என்று தெரிந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய அடி. ஆனால் உள்ளே பார்த்தால், அமலான 615 நடவடிக்கைகளில் 235 மட்டுமே அளவிடும் வருடம் தொடங்கும் முன் நடைமுறைக்கு வந்திருந்தன. கூடிப் பேசி முடிவெடுக்கவே நேரம் ஓடிவிட்டது, கோவிட் வேறு. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். ஆனால் வடம் பிடிப்பதற்குள் திருவிழா முடிந்துவிடக் கூடாது. அதனால் நாங்கள் முதல் 90 நாளில் மூன்று வேலைகள் என்று வைத்துக்கொண்டோம்: நலாக்சோன் இடங்கள், ஒரு கிளினிக்கில் அடுத்த நாள் தேதி, வீட்டுக்குப் போகும் குழு. ஜெயிலுக்கு ஒரு வருடம் பிடித்தது.

சாவு எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் சின்ன கவுன்ட்டியில் அது ஒரு வருடம் ஏறும், ஒரு வருடம் இறங்கும், எதுவும் புரியாது. நாட்களைப் பாருங்கள். கூடவே, யாருக்கு நாட்கள் குறைந்தன என்றும் பாருங்கள். 2020-இலிருந்து நாட்டளவில் கறுப்பின மக்களிடம் ஓவர்டோஸ் இறப்பு விகிதம் வெள்ளையர்களைவிட அதிகம். மொத்த எண் இறங்கும்போது இது கண்ணில் படாமல் போய்விடும். எங்கள் ஊரில் கறுப்பினத் தேவாலயம் ஒன்றின் வழியாக வாரத்தில் ஒரு நாள் சிகிச்சை தொடங்க ஏற்பாடு செய்தோம். அங்கே வருகிறவர்கள் எங்கள் அலுவலகப் படியை மிதித்ததே இல்லை.

திட்டத்தில் வலியோடு வாழ்கிறவர்களுக்கும் ஒரு பக்கம் கொடுங்கள். என் பெரியப்பா தொண்டைப் புற்றுநோயில் ஊரில் இறந்தார். கடைசி வாரங்களில் மார்ஃபின் கிடைக்கவில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு முனகியதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். அதனால் ஓபியாய்டு என்ற மருந்தை எதிரியாகப் பேசும் எந்தத் திட்டத்திலும் என்னால் கையெழுத்துப் போட முடியாது. 2016-இல் சி.டி.சி. வழிகாட்டுதல் வந்தபின் பல டாக்டர்கள் பயந்துபோய், வருடக்கணக்கில் மருந்தில் இருந்தவர்களைச் சட்டென்று நிறுத்தினார்கள். சிலர் தெருவுக்குப் போனார்கள். 2022-இல் அந்த வழிகாட்டுதலைத் திருத்தி, திடீரென்று நிறுத்தாதீர்கள் என்று தெளிவாக எழுதினார்கள். உங்கள் ஊரில் ஒரு வலி கிளினிக் மூடப்பட்டால், அன்றே அதன் நோயாளிகளுக்குப் போன் செய்ய யார் பொறுப்பு என்று எழுதி வையுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? வரும் வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு உங்கள் கவுன்ட்டியின் சிகிச்சை எண்ணுக்குப் போன் செய்யுங்கள். யார் எடுத்தார்கள், என்ன கேட்டார்கள், முதல் தேதி என்றைக்குக் கொடுப்பார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை மறுபடி செய்யுங்கள். அந்த ஒரு தாளோடு சுகாதாரத் துறை அலுவலகத்துக்குப் போய், இதைப் பற்றி யாரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள்.